ஊஞ்சலை விட்டு இறங்காத பெண்

கொத்தவரைப்பட்டியில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறார்கள். எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊரில் மிச்சமிருந்தவர்களில் மூன்று பேரைப் பொறுக்கியெடுத்துத் தன் சமையல் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார் பரமசாமி மாஸ்டர். அண்டா தூக்க ஆள் வேண்டும், அண்டா தூக்கப் புத்தி எதற்கு என்று நினைத்தார் பாவம். அதற்கும் கொஞ்சம் வேண்டும் என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது.

மூவரில் மூத்தவன் வெயிலுமுத்து. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான், இம்மி கூடாது, இம்மி குறையாது. அடுத்தவன் சுடலைக்கண்ணு. எட்டாவது வரைக்கும் படித்தவன், ஆகையால் எதைக் கெடுத்தாலும் யோசித்துத்தான் கெடுப்பான். கடைசி ஆள் ஆத்தியப்பன். இளகிய மனசு. வெங்காயத்தை உரிப்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுவான்.

மாஸ்டர் முதலில் இவர்களுக்குக் கடிகாரம் பார்க்கத்தான் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் சாம்பாரை அடுப்பில் ஏற்றிவிட்டு, "கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருங்கடே, இந்தா வந்திருதேன்" என்று வெளியே போனார். திரும்பி வந்தால், மூன்று பேரும் கண்ணைச் சிமிட்டாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சாம்பார் புகைந்துகொண்டிருக்கிறது.

"அட பாவிகளா! சாம்பாரு கருகுதுலே!"

"அது கருகட்டும் அண்ணாச்சி. கடிகாரத்துப் பக்கம் ஒரு ஈ, எறும்பை விடலையே நாங்க" என்றான் வெயிலுமுத்து.

அன்றோடு மாஸ்டர் கடிகாரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பாட்டுக்கு மாறினார். கல்யாண வீட்டில் எப்படியும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார்கள். அதில் ஒரு பழைய படப் பாட்டு நிச்சயம் இருக்கும். ஊஞ்சல் பாட்டு என்று அதற்குப் பெயர். பல்லவியில் கதாநாயகி ஊஞ்சலில் ஏறுவாள். முதல் சரணத்தில் கதாநாயகன் தள்ளிவிடுவான். இரண்டாம் சரணத்தில் மேகத்தைத் தொடுகிற உயரத்துக்குப் போய்விடுவாள். மூன்றாம் சரணத்தில் கொலுசு குலுங்கக் கீழே இறங்குவாள். நல்ல நீளமான பாட்டு. பெரிய அண்டாவில் அரிசி பதமாக வேகிற நேரத்துக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கும்.

"கேட்டுக்கோங்க. அரிசியைப் போட்டு மறுகொதி வந்ததும் பாட்டைப் போடச் சொல்லணும். அந்தப் பொண்ணு எப்ப ஊஞ்சலை விட்டு இறங்குதோ, அப்ப அண்டாவை இறக்கி வடிக்கணும். முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது."

அதற்குப் பிறகு கொத்தவரைப்பட்டிச் சோறு மல்லிகைப்பூ மாதிரி உதிரி உதிரியாக வந்தது. மாஸ்டருக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் அவரைக் கெடுத்தது.

தை மாதத்தில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்து சேர்ந்தது. வெளியூர்க் கல்யாணத்துக்கு மாஸ்டர் போயாக வேண்டும். உள்ளூரில் போஸ்ட்மாஸ்டர் உலகநாதன் மகள் கல்யாணம். பரமசாமி மாஸ்டர் வெயிலுமுத்துவைக் கூப்பிட்டார்.

"வெயிலு, இதை நீ பார்த்துக்கோ. பந்தி ஒழுங்கா நடந்துட்டுன்னா இனிமே நீயும் மாஸ்டர்தான், பெரிய கரண்டி உன் கையில. சொதப்புனேன்னு வையி, மூணு பேரும் பழையபடி ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான்."

மாஸ்டர் ஆக வேண்டும் என்பது வெயிலுமுத்துவின் வெகுநாள் ஆசை. பெரிய கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்து போவதாகக் கனவெல்லாம் கண்டிருக்கிறான். ஆடு மேய்க்கத் திரும்புவதில் அவனுக்கு இஷ்டமில்லை. ஆடுகளுக்கும் இஷ்டமிருக்காது, இவர்கள் மேய்த்த காலத்தை அவை இன்னும் மறக்கவில்லை.

கல்யாணத்தன்று எல்லாம் ஜோராக நடந்தது. தாலி கட்டியாயிற்று, முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்தாயிற்று. அண்டாவில் மறுகொதி வந்தது. வெயிலுமுத்து மைக்செட்காரரிடம் ஓடினான்.

"அண்ணே, ஊஞ்சல் பாட்டு ரெக்கார்டைப் போடுங்க!"

"ரெக்கார்டா? இப்பல்லாம் எவன்வே ரெக்கார்டு போடுதான்? எஃப்.எம்.மைப் பிடிச்சுக் குழாயில விட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்ற மைக்செட்காரர், அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, தனக்குத் தெரிந்த ரேடியோ ஸ்டேஷனுக்குப் போன் போட்டு அந்தப் பாட்டையே கேட்டார். அறிவிப்பாளர் அம்மாள் நல்ல மனுஷி. கொத்தவரைப்பட்டி மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லி உடனே போட்டுவிட்டார்.

மூவரும் அண்டாவின் இரண்டு காதிலும் கம்பைக் கோத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். பெண் ஏறினாள். அவன் தள்ளினான். அவள் மேகத்தைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், டொய்ங் என்று பாட்டு நின்று, பல்பொடி விளம்பரம் வந்துவிட்டது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாட்டு முடிஞ்சிட்டுலா? இறக்கிருவமா?" என்றான் ஆத்தியப்பன்.

"பாட்டு முடிஞ்சதும் இறக்குன்னா மாஸ்டர் சொன்னாரு? பொண்ணு இறங்குனதும் இறக்குன்னுதானே சொன்னாரு" என்றான் வெயிலுமுத்து.

"பொண்ணு எங்க?"

"மேகத்துக்கிட்ட இருக்கா."

"தள்ளிவிட்டவன் எங்க?"

சுடலைக்கண்ணு யோசித்தான். "அவன் பல்லு விளக்கப் போயிட்டான்" என்றான்.

ஆத்தியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது என்னடே அநியாயம்! ஒரு பொம்பளைப் பிள்ளையை அம்புட்டு உசரத்துல ஏத்தி விட்டுட்டு, பல்லு விளக்குத நேரமா இது? வெள்ளன எந்திரிச்சு விளக்கிருக்கணும்லா?"

அண்டா தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தீயையாவது இழுத்துவிடலாமா என்று கேட்டான் ஆத்தியப்பன். மாஸ்டர் தீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டான் வெயிலுமுத்து. நேரம் ஆக ஆக அண்டாவில் தண்ணீர் வற்றியது. பெண் கூடுதல் நேரம் மேலே இருப்பதால் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, சுடலைக்கண்ணு ஒரு குடம் ஊற்றினான்.

வெயிலுமுத்து மைக்செட்காரரின் போனைப் பிடுங்கி ஸ்டேஷனுக்குப் பேசினான்.

"அம்மா, கொத்தவரைப்பட்டியில இருந்து பேசுதேன். அந்தப் பொண்ணை இறக்கி விடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எந்தப் பொண்ணுங்க?"

"நீங்க ஊஞ்சல்ல ஏத்தி விட்டீங்கல்லா, அந்தப் பொண்ணுதான்."

அறிவிப்பாளர் அம்மாள் சிரித்துவிட்டார். "ஓ, அதுவா! ரெக்கார்டுல முழுசா இருக்குங்க. ரேடியோவுக்கு நீளம் அதிகம்னு கடைசிச் சரணத்தை வெட்டிருவோம்."

"சரிம்மா, வெட்டுனது வெட்டுனதா இருக்கட்டும். டெயிலர் கூட வெட்டுன துணியில மிச்சத்தைச் சுருட்டிக் குடுத்துருதாரு. அந்தத் துண்டை மட்டும் குடுத்து விடுங்க, ஆளை அனுப்புதேன்."

"அதெல்லாம் குடுக்க முடியாதுங்க. அவ்வளவு அவசரம்னா நீங்களே பாடிக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"என்னடே சொன்னாங்க?"

"நம்மளைப் பாடச் சொல்லிட்டாங்க" என்றான் வெயிலுமுத்து.

சரி, பாடலாம் என்று மூவரும் தொண்டையைச் செருமினார்கள். அப்போதுதான் தெரிந்தது, மூன்றாம் சரணம் ஒருத்தனுக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? இத்தனை கல்யாணத்திலும் கொலுசு சத்தம் கேட்டதும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தானே. பந்தியில் இலை காய்கிற சத்தம் வெயிலுமுத்துவின் காதுக்கே கேட்டது. கரண்டி போச்சு, மானம் போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சோறு எங்கலே? சம்பந்தி வீட்டுக்காரங்க எம்புட்டு நேரம்டே அப்பளத்தையே கடிச்சிட்டு இருப்பாங்க?" என்று கத்திக்கொண்டே அடுப்படிக்குள் வந்தார் பெண்ணின் அப்பா, போஸ்ட்மாஸ்டர் உலகநாதன்.

வெயிலுமுத்து அவர் காலில் விழாத குறையாக நடந்ததைச் சொன்னான். ரேடியோக்காரர்கள் மூன்றாம் சரணத்தை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் சோறு வரவில்லை என்றான்.

போஸ்ட்மாஸ்டரின் முகம் சிவந்தது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருக்கிறார். பாட்டை முழுசாகத்தான் கேட்பார். நடுவில் கரண்ட் போனால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

"மூணாம் சரணத்தையா வெட்டிட்டானுவ?" என்று கர்ஜித்தார். "அந்தப் பாட்டுக்கு உசிரே அதுலதானடே இருக்கு! அதுக்கு முன்னாடி வயலின் அழுவுமே, அது எங்க? கேப்பார் இல்லாமப் போச்சா? சோறு கிடக்கட்டும், தள்ளு. நான் பாடுதேன்."

வெயிலுமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போஸ்ட்மாஸ்டர் கண்ணை மூடினார், காதில் கையை வைத்தார், வாயாலேயே புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, இது ஆரம்பமுல்லா? மூணாம் சரணத்தை மட்டும் பாடுங்க அண்ணாச்சி."

"ஏறாதவ எப்படிடே இறங்குவா?"

"அவ ஏறித்தான் ரொம்ப நேரமாச்சே!"

"அது ரேடியோவுல ஏறுனவ. அவளைப் பத்தி எனக்குத் தெரியாது. எங்கிட்ட ரெக்கார்டுல எப்படி இருக்கோ அப்படித்தான் வரும்."

அதில் நியாயம் இருப்பதாகச் சுடலைக்கண்ணுவுக்குப் பட்டது. இரண்டு பெண்கள், ஒரே ஊஞ்சல், பலகை தாங்குமா என்று மட்டும் ஆத்தியப்பன் கவலைப்பட்டான். போஸ்ட்மாஸ்டர் ஒரு தபேலா அடியைக்கூட விடவில்லை. வாயாலேயே வீணை, வாயாலேயே வயலின், எல்லாம் வந்தது. கடைசியில், ஆகா, மூன்றாம் சரணம் வந்தது. "ஜல், ஜல்" என்று அவர் கொலுசாகவே குலுங்கினார். பெண் இறங்கினாள்.

"இறங்கிட்டா! தூக்கு!" என்று அலறினான் வெயிலுமுத்து.

மூவரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓலைப்பாயில் சரித்தார்கள். கஞ்சி ஒரு சொட்டுகூட வடியவில்லை. சோறு முழுவதும் தொப்பென்று ஒரே கட்டியாக விழுந்து, அண்டாவின் உருவத்திலேயே பாயில் நின்றது. அண்டாவில் அடிபட்ட இடத்து நெளிவுகூட அதில் இருந்தது.

"எம்புட்டு ஒத்துமை பாரு!" என்றான் ஆத்தியப்பன்.

வெயிலுமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டருக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது பாட்டினால். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமா பசி தாங்காமல் உள்ளே வந்தார். கட்டியில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டார்.

"அட, சர்க்கரைப் பொங்கலா? இதை முதல்லயே சொல்லிருந்தா பேசாம உக்காந்திருப்போம்லா? வெல்லத்தை இன்னும் போடலையா?"

"போடச் சொல்லி மாஸ்டர் சொல்லலையே."

"நான் சொல்லுதேன், போடுவே!"

யாராவது ஒருவர் சொன்னால் போதுமே. பாயசத்துக்கு வைத்திருந்த வெல்லம், நெய், முந்திரி எல்லாவற்றையும் கொட்டிக் கிளறினார்கள். வெல்லம் இல்லாமல் நின்ற பாயசத்தில் உப்பும் மிளகும் போட்டு ரசம் என்று ஊற்றினார்கள். பந்தியில் பொங்கலை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு. ரசத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

மாலையில் பரமசாமி மாஸ்டர் வந்து சேர்ந்தபோது, வழியெல்லாம் பொங்கல் பேச்சுதான். வெயிலுமுத்துவிடம் விசாரித்தார். அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். மாஸ்டர் அங்கே கவிழ்ந்து கிடந்த அண்டாவின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தானே. பெரிய கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, ஆடு ஏதாவது விலைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் வெயிலுமுத்து மாஸ்டர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாணம் பேச வருகிறவர்களிடம் அவன் முதலில் கேட்பது ஒன்றுதான். "உங்களுக்குச் சோறா, பொங்கலா? சோறுன்னா ரெக்கார்டு பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிருங்க. பொங்கல்னா ரேடியோ பாட்டே போதும்."

போன மார்கழியில் பக்கத்து ஊர்க் கோயில்காரர்கள் வந்தார்கள். திருவிழாவுக்கு வருகிற சனத்துக்கு விடிகாலையில் பழைய சோறும் மோர் மிளகாயும் கொடுப்பதாக நேர்த்திக்கடனாம். வெயிலுமுத்து தன் சகாக்களைக் கூட்டி ஆலோசனை நடத்தினான்.

"பழைய சோறுன்னா ரேடியோ பாட்டுதான்" என்றான் சுடலைக்கண்ணு. "சாயங்காலமே போடச் சொல்லிரணும். அவ ராத்திரி முச்சூடும் மேலயே இருக்கணும். அப்பதான் சோறு பழசாவும்."

ஆத்தியப்பன் விம்மினான். "மார்கழிப் பனிடே! ஒத்தைப் பொம்பளைப் பிள்ளை மேகத்துக்கிட்ட விடிய விடிய இருந்தா சளி பிடிக்காதா?"

வெயிலுமுத்துவுக்கும் மனசு கேட்கவில்லை. தான் போர்த்துகிற கம்பளியை எடுத்து மடித்து அவனிடம் கொடுத்தான். "சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சு ஸ்டேஷனுக்குப் போயி அவகிட்ட குடுத்துட்டு வந்திரு. உசரம் எட்டாது, ஏணியையும் தூக்கிட்டுப் போ."

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆத்தியப்பன் வாசலைத் தாண்டியபோது, சுடலைக்கண்ணு பின்னாலேயே ஓடிவந்து அவனைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏணி வேண்டாம்லே! ஏணியைக் கண்டா அவ இறங்கிருவா. கீழ நின்னு கம்பளியைத் தூக்கி எறிஞ்சுட்டு வா."