கடைசி ரிப்பன்

ஜவ்வாதுமலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காடுமேடெல்லாம் ஓடுகிற போட்டி நடந்தது. வழி தெரிவதற்காக மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்து அதையெல்லாம் அவிழ்ப்பது விறகு சுமக்கும் செங்காயியின் வேலை.

"கடைசி ரிப்பன் என் கைக்கு வர்றவரைக்கும் போட்டி முடியாது" என்று காலையிலேயே மைக்கில் முழங்கியிருந்தார், போட்டியை நடத்தும் துரையரசன்.

சாயங்காலம், போட்டியில் கடைசி ஆளாகக் கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஜெபமணிக்குப் பின்னாலேயே செங்காயியும் வந்தாள். முடிவுக் கோட்டில் துரையரசன் கைநீட்டி மறித்தார்.

"நேரம் முடிஞ்சு அரைமணி ஆச்சு. மெடல் கிடையாது. செங்காயி, நீ ரிப்பனைக் குடுத்துட்டுக் கிளம்பு."

செங்காயி ரிப்பன் மூட்டையைக் கொடுத்தாள். "ஒண்ணு மட்டும் பாக்கிங்க. அந்தம்மா கையில கட்டியிருக்கேன். அது வர்றவரைக்கும் போட்டி முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கூட்டம் சிரித்துவிட்டது. துரையரசன் விலகி வழிவிட்டார். ஜெபமணி கோட்டைத் தாண்டி வந்து மணிக்கட்டை நீட்டினார். அது விறகுக்கட்டுக்குப் போடுகிற முடிச்சு, லேசில் அவிழவில்லை. குனிந்து போராடியபோதுதான் ஜெபமணியின் கணுக்கால் வீங்கியிருப்பது துரையரசனுக்குத் தெரிந்தது. மெடலைத் தானே எடுத்து ஜெபமணியின் கழுத்தில் போட்டார்.

"மலையில வேற எதையாச்சும் விட்டுட்டு வந்தியாம்மா?" என்று செங்காயியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"யாரையும் விடலீங்க" என்றாள் அவள்.