ஓமம் மணக்கிற வாய்ப்பாடு

படு. காலை ஆட்டாத, கட்டில் கிறீச் கிறீச்சுங்குது. உங்கம்மா கம்பெனி விட்டு வர சாயங்காலம் ஆறாகும். அதுவரைக்கும் இந்தப் பெரியம்மா மூஞ்சிதான் உனக்கு. கதை சொல்றேன், "ம்" கொட்டணும். கொட்டலைன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அம்மா. நாட்டு மருந்துக் கடையில சரக்கு புடைக்கிற வேலை. எழுத்து ஒண்ணும் தெரியாது. ஆனா மூக்கு இருக்கே, அம்மாடி! மூடின டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவா. அவளுக்கு ரெண்டு பொண்ணு. பெரியவளை ஆறாவதோட நிறுத்திட்டா. ஏன்? அம்மா வேலைக்குப் போனா சின்னவளை யாரு பாத்துக்கறது? ம் சொல்லு.

அப்புறம் சின்னவ வளந்து பள்ளிக்கூடம் போனா. படிச்சது ஒண்ணும் மண்டையில நிக்கலை. அப்போ அம்மா கடையிலேர்ந்து கொஞ்சம் ஓமம் கொண்டாந்து, "இதை மோந்துக்கிட்டே வாய்ப்பாடு சொல்லுடி"ன்னா. சர்ருன்னு மூக்கை இழுத்து இழுத்து ஒரு வாரம் சொன்னா. அப்புறம் ஓமத்தைக் காட்டினாப் போதும், பதினாறாம் வாய்ப்பாடு படபடபடன்னு கொட்டும்.

அப்புறம் செய்யுளுக்கு எலுமிச்சை இலை. ஆறு, மலை பேருக்கெல்லாம் வெட்டிவேர். ஒரு பாடத்துக்கு ஒரு வாசம், மாத்தவே கூடாது. மூணையும் ஒரு கைக்குட்டையோட மூணு மூலையில தனித்தனியா முடிஞ்சு குடுத்தா. கணக்குப் பரீட்சையில ஓமத்தை மோந்தா, தொண்ணூறு மார்க். தமிழ்ப் பரீட்சையில இலையை மோந்தா, தொண்ணூத்தஞ்சு. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு.

பெரியவ? அவ அடுப்படியில. ணங் ணங்னு பாத்திரம். ஒரு நாள் கேட்டா, "எனக்கும் ஒண்ணு முடிஞ்சு குடும்மா."

"உனக்கு எதுக்குடி அது? சோறு பொங்கி வழியுது, போய்ப் பாரு."

அவ்வளவுதான் சொன்னா. போதாதா? வயிறு எரிஞ்சுது அவளுக்கு. ம் எங்க?

அப்புறம் மூணாவது பரீட்சை வந்துது. டவுன்ல ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்கேயே தங்கி, சாப்பிட்டு, பன்னெண்டாவது வரைக்கும் காசில்லாமலே படிக்கலாம். ஆனா ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவாங்க, மூணு பாடமும் ஒண்ணா. முந்தின நாள் பெரியவ அந்தக் கைக்குட்டையை எடுத்து அவிழ்த்து உதறினா. சோப்பைப் போட்டா. தொப்பு தொப்புன்னு துவைச்சா. காயவெச்சு, நாலா மடிச்சுத் தங்கச்சி பையில வெச்சா.

பரீட்சையில சின்னவ கைக்குட்டையை எடுத்தா, முடிச்சைக் காணோம். ஒரு மூலையை மோந்தா, சோப்பு. இன்னொரு மூலை, சோப்பு. மூணாவது மூலையும் சோப்பு. பாவி மக நாலாவது மூலையையும் மோந்து பாத்தா. தெரிஞ்ச பாடமும் மறந்து போச்சு. வெறுந்தாளைக் குடுத்துட்டு வந்துட்டா.

"ஏண்டி துவைச்ச?"ன்னு அம்மா கேட்டா.

"அழுக்கா இருந்துச்சு. நாலு பேர் முன்னாடி அதோடயா போவா?"ன்னா பெரியவ.

என்ன? நிஜமாவே அழுக்கா இருந்துச்சாவா? கதைக்கு நடுவுல கேள்வி கேக்காத. ம் மட்டும் கொட்டு.

ம் எங்கடி?

தூங்கிட்டியா. தூங்கு, தூங்கு.

அழுக்கே இல்லைடி தங்கம். முந்தின நாள்தான் எங்கம்மா பரீட்சைக்குன்னு புதுத் துணி கிழிச்சு, ஓமம், இலை, வேர் எல்லாம் புதுசா வெச்சு முடிஞ்சு குடுத்தா. பளபளன்னு இருந்துச்சு; உங்கம்மா அதைப் பாக்கலை, எங்கம்மாவும் அவகிட்ட சொல்லலை. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் துவைச்சேன். உங்கம்மா அன்னிக்கு நான் சொன்னதை நம்பினவதான், இன்னும் நம்புறா. நாள் பூரா நின்னுக்கிட்டே பனியன்ல பிசிறு வெட்டிட்டு வந்து, "நீ இல்லைன்னா என் பிள்ளையை யாரு பாத்துப்பா அக்கா?"ங்கறா.

சரி. கதையைத் துவைச்சுக் காயப்போட்டாச்சு. கண்ணைத் திறக்காத, தூங்கு.