மேனேஜரின் கீபோர்டு

ராஜபாளையத்து நூல் மில் ஆபீசில் மேனேஜர் தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்கு மட்டும் விலை கூடின கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக்கொண்டார். அதன் திரையில் மெனு மேலே இருக்கும், சின்னச் சின்னப் படங்கள் கீழே வரிசைகட்டி நிற்கும். போன வாரம் ஒருநாள் முதலாளியைக் கூட்டிவந்து முழங்கினார்.

“இதுல வேலை பறக்குது சார்! இவங்க பழைய கம்ப்யூட்டர்ல திரை மூலையில இருக்கிற ஸ்டார்ட் பட்டனைத் தேடியே பொழுது போயிடுது. எல்லாத்தையும் மாத்திடுவோம். பழக முடியாதவங்க வீட்டுக்குப் போகட்டும். பழசுலதான் வேலை அதிகமா நடக்குதுன்னு இப்பவே யாராவது நிரூபிங்க, பார்ப்போம்!”

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. இனி எதைக் காட்டி நிரூபிப்பது என்று, பழைய கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் டைப்பிஸ்ட் கோமதிக்கு அழுகையே வந்துவிட்டது.

“கரண்ட் இல்லாமலே நிரூபிக்கிறேன் மொதலாளி” என்று ஒரு குரல். பெருக்கித் துடைக்கிற செங்கமலம்! அவளைத் தணிகாசலம் ஆள் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

அவள் இரண்டு கீபோர்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்து முதலாளி முன்னால் வைத்தாள். கோமதியுடையதில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை, அத்தனையும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. மேனேஜருடையதில் எழுத்தெல்லாம் கடையில் வாங்கிய மேனிக்கு மின்னியது. ஓரத்து அம்புக்குறி பட்டன் நாலு மட்டும் வழுக்கை.



“இந்த நாலு பட்டன்ல அப்படி என்னய்யா வேலை?” என்றார் முதலாளி.

தணிகாசலம் அவசரமாகக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். முதலாளி செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

“எனக்கென்ன தெரியும் மொதலாளி?” என்றாள் செங்கமலம். “நான் துடைக்க வரும்போதெல்லாம் திரையில ஒரு சிவப்புக் கார் ஓடும். ஐயா நல்லாத்தான் ஓட்டுவாங்க. வளைவுலதான் மோதிடுவாங்க.”