மூக்குக்கு முன்னால்

உப்பளங்களுக்கு நடுவே இருந்த அந்த விமானப் பயிற்சி நிலையத்தில் திரவியம்தான் வயதில் மூத்த மாணவர். பெண்களைக் கட்டிக்கொடுத்து முடித்தபின், இளவயது ஆசையைத் தீர்த்துக்கொள்ள வந்தவர். ஆசிரியை கேப்டன் கோதைக்கு அவருடைய மூத்த மகளின் வயது.

அன்று காலை, அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த ரோஸ்லினைக் கோதை தனியாகப் பறக்க அனுப்பிவிட்டாள். திரவியத்துக்கு மட்டும் மறுபடியும் ஏறுவதும் இறங்குவதும்தான் பாடம். அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

சக்கரம் தரையை விட்டதுமே ஆரம்பித்துவிட்டார். நேற்று வந்தவர்களெல்லாம் தனியாகப் பறக்கிறார்கள், தலை நரைத்தவன் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று கேட்டார். ஏறத் தெரியாதவனா நான் என்றார். பக்கத்து இருக்கையில் இருந்த கோதை வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய ஆத்திரத்தைக் கூட்டியது. பேசப் பேச, விமானத்தை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கைப் பிடித்திருந்த கை தன்பாட்டில் அதைப் பின்னால் இழுத்தது. விமானத்தின் மூக்கு உயர்ந்துகொண்டே போனது. வேகம் குறைந்தது.

"முன்னால என்ன தெரியுது சார்?"

"வானம்."

"வேற?"

"அதான் மூக்கு மறைக்குதே. வேற என்னத்த தெரியும்?"

"கொஞ்சம் இறக்குங்க."

இதிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தபடி, வேண்டாவெறுப்பாக ஸ்டிக்கை முன்னால் தள்ளினார்.

மூக்கு இறங்கியது. அது மறைத்திருந்த இடத்தில் ஒரு விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. இவர்கள் ஏறிப் போகும் வழியிலேயே. உள்ளே ரோஸ்லினின் தலை தெரிந்தது.

திரவியம் சட்டென்று வலப்பக்கம் சாய்த்துத் திருப்பினார். அவள் விமானத்தின் இறக்கை இடப்பக்கமாக நழுவிப் போனது. குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

திரவியம் ஓடுபாதைக்குத் திரும்பினார். இன்ஜின் விசையைக் குறைத்தார். மூக்கை ஒரே நிலையில் பிடித்து, அவசரப்படாமல் இறங்கினார். சக்கரம் மெத்தென்று தரையைத் தொட்டது. இன்ஜின் நின்றது. கூடவே கோபமும் திரும்பி வந்தது.

"எம்மேல வருத்தம்னா தரையில வச்சுச் சொல்லியிருக்கலாம்மா. அந்தப் பொண்ணு குறுக்க வர்றதப் பார்த்துக்கிட்டே, எனக்குப் பாடம் நடத்தணும்னு சும்மா இருந்திருக்கீங்க. மூணு உயிரு. வெளையாட்டா?"

கோதை பெல்ட்டைக் கழற்ற முயன்றாள். கொக்கி இரண்டு முறை நழுவியது.

"நான் பார்க்கல சார். எனக்கும் அதே மூக்குதான் மறைச்சுது."



"பிறகு எதை வச்சு இறக்கச் சொன்னீங்க?"

"என்ன இருக்குன்னு தெரியல. அதான் சொன்னேன்."