பிணம் இருமக் கூடாது

கோமதிநாயகம் தன் தம்பி ஆவுடையப்பனுக்குச் செய்தவை பின்வருமாறு. செய்த வரிசை மாறவில்லை.

முதலாவது, வேறு சாதியில் பிறந்த வேலுத்தாயைத் தம்பி கூட்டிவந்த அன்று, வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது, இருவருக்கும் பங்கிருந்த கிணற்றின் மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு வாங்கினார். சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, உயிரோடிருக்கும் தம்பிக்குத் தலையை மழித்துக் கருமாதி செய்தார். ஊருக்குச் சோறு போட்டார். தம்பியோடு கல் உடைத்தவர்களும் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கினார்கள்.

நான்காவது, தாய் இறந்ததைத் தம்பிக்குச் சொல்லி அனுப்பவில்லை.

ஐந்தாவது, டீக்கடை முன்னால் வேலுத்தாயைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை அச்சில் ஏற்றி அதற்கு மரியாதை செய்ய நான் தயாராக இல்லை.

பிறகு வருடங்கள் போயின. ஆவுடையப்பன் குவாரி தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். பேச்சாளர் ஆனார். சங்கத்து மேடையில் மாலை மாற்றிக்கொண்ட ஜோடிகளுக்கெல்லாம் அவர்தான் வாழ்த்துரை. "ஐயரும் வேண்டாம், ஆபீசரும் வேண்டாம், கூடியிருக்கிற ஜனம் போதும்" என்பார். கைதட்டல் அடங்க நேரமாகும்.

அவரும் வேலுத்தாயும்கூட அதே மேடையில்தான், அவர் சங்கத்தில் சேருவதற்கு முன்பே, அப்படி மாலை மாற்றியவர்கள்.

சங்கத்தின் தலைவி எஸ்தர். ஆவுடையப்பனைவிட வயதில் சிறியவர். ஒருமுறை விசாரணைக்கு வந்த அதிகாரியை அவர் நான்கே கேள்விகளில் வாயடைக்க வைத்ததைப் பார்த்த நாளிலிருந்து, ஆவுடையப்பன் அவருக்குச் சீடர். எஸ்தர் படிக்கச் சொன்ன துண்டறிக்கைகளைப் படித்துத்தான் அவருக்கு வாசிப்பே சரளமாயிற்று.

இந்த ஆண்டு ஆவுடையப்பனின் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே கல்தூசி. அடுத்த மழைக்காலத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சங்கக் கொட்டகைக்கு வந்தார். வேலுத்தாயும் கூட வந்தார். வாசலில் இரண்டு லாரி டிரைவர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எஸ்தர் இருந்தார்.

"தோழர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"கல்யாணத்தப் பதிஞ்சா என்ன லாபம், என்ன நஷ்டம்?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

"பொதுவா யாரும் கல்யாணம் பண்ணுறதில்லயே."

ஆவுடையப்பன் வேலுத்தாயைப் பார்த்தார். அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நஷ்டத்த முதல்ல சொல்லுதேன்" என்றார் எஸ்தர். "மதினிக்கு முந்தின வீட்டுக்காரர் வெடியில செத்ததுக்கு விதவை உதவித்தொகை வருது. பதிஞ்ச அன்னைக்கே அது நிக்கும்."

"ஆயிரத்து இருநூறு" என்றார் வேலுத்தாய். "செத்தவரு குடுக்கது. உசிரோட இருக்கவரு குடுக்கத விட அது ஒழுங்கா வருது."

டிரைவர்கள் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது.

"ரெண்டாவது நஷ்டம், மேடையில நீங்க பேசினது. ஆபீசர் வேண்டாம்னவரு ஆபீசர் முன்னால கையெழுத்துப் போட்டாருன்னு ஊரு சிரிக்கும்."

"அதுக்குத்தான் யோசிக்கேன்."

"தெரியும்."

"லாபம்?"

"அத வாயால சொன்னா நீங்க பதில் பேசுவீக. எந்திரிச்சு அந்தப் பெஞ்சில படுங்க."

ஆவுடையப்பனுக்குப் புரிந்தது. அந்தச் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த விசாரணைக்குப் போவதற்கு முன்னும் கொட்டகையில் ஒத்திகை பார்ப்பார்கள். அதிகாரி வேடம் எப்போதும் எஸ்தருக்கு. அவரிடம் அழுதவர்கள் உண்டு. அங்கே அழுதவர்கள் அப்புறம் ஆபீசில் அழுததில்லை.

"எனக்கு என்ன வேஷம்?"

"பிணம்."

அவர் படுத்தார். எஸ்தர் சங்கக் கொடியை எடுத்து அவர் முகம்வரை போர்த்தினார். டிரைவர்களைக் கூப்பிட்டுச் சாட்சிகளாக நிறுத்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது; இறந்தவருக்கு வாரிசு யாரென்று விசாரிக்கும் அதிகாரியின் குரல்.

"இறந்தவன் பேரு?"

வேலுத்தாய் எழுந்து நின்றார். "ஆவுடையப்பன்."

"நீ யாரு?"

"அவுக வீட்டுக்காரி."

"கல்யாணம் எங்க?"

"சங்கத்து மேடையில. மாலை மாத்துனோம்."

"போட்டோ?"

"போட்டோக்காரன் வரல. அடிதடி வரும்னு பயந்துட்டான்."

"பார்த்தவங்க?"

"ஊருப்பட்ட கூட்டம்."

"ஒருத்தரக் கூப்பிடு."

வேலுத்தாய் மனதுக்குள் தேடினார். "பாதிப் பேரு தூசியில போயிட்டாக."

"மீதிப் பேரு?"

"குவாரிக்காரன்கிட்ட வேலைக்கு இருக்காக."

கொடிக்கு அடியில் இருமல் வந்தது.

"பிணம் இருமக் கூடாது" என்றார் எஸ்தர், திரும்பிப் பார்க்காமல். "பிள்ளைக?"

"இல்ல."

"ரேஷன் கார்டுல உன் பேரு இவன் பேரோட இருக்கா?"

"நான் எங்க அம்மா கார்டுல இருக்கேன்."

"ஏன்?"

"உதவித்தொகை நின்னுருமே."

"அந்தத் தொகைக்கு வருஷா வருஷம் என்ன எழுதிக் குடுக்கே?"

வேலுத்தாய் வாய்க்குள் முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லு. சாட்சிக்குக் கேக்கணும்."

"மறுகல்யாணம் பண்ணலைன்னு."

"யாரு கையெழுத்து?"

"என் கைநாட்டுத்தான்."

"அப்போ இவனுக்கு நீ பொண்டாட்டி இல்லேன்னு நீயே வருஷா வருஷம் கைநாட்டு வச்சிருக்கே. நான் புதுசா ஒண்ணும் சொல்லல. 'சேர்ந்திருந்தவர்'னு வேணும்னா எழுதிக்கிடுதேன்."

வேலுத்தாயின் முகம் மாறியது. டிரைவர்களைப் பார்த்துச் சொன்னார்: "டீக்கடையில அவரு அண்ணன் சொன்ன அதே வார்த்தை. இவுக அதுக்குச் சட்டை போட்டுவிட்டுச் சொல்லுதாக."

ஆவுடையப்பன் கொடியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"தோழர், அந்த வீட்டுக்கு அஸ்திவாரக் கல்லு ஒவ்வொண்ணும் அவ தலையில சுமந்தது."

"பட்டா யாரு பேருல?"

"எம் பேருல."

"பிணம் எந்திரிக்காது அண்ணாச்சி. படுங்க."

"கோர்ட்டுக்குப் போவா. இத்தன வருஷம் சேர்ந்து வாழ்ந்தத ஊரறியும். வாழ்ந்தாலே கல்யாணந்தான்னு சட்டத்துல இடம் இருக்கு. நீங்கதான சொல்லிக் குடுத்தீக."

"இருக்கு. போகலாம். ஜெயிக்கவும் செய்யலாம். எத்தன வருஷம் ஆகும்? கூலி வேல பாக்குற பொம்பள வாய்தாவுக்கு வாய்தா எந்தக் காசுல பஸ் ஏறுவா? அதுவரைக்கும் எந்த வீட்டுல இருப்பா?"

ஆவுடையப்பன் மேடையில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினார். எஸ்தர் பேச விடவில்லை.

"உங்கள ஐஸ்பெட்டியில எத்தன வருஷம் வச்சிருக்கச் சொல்ல?"

அவர் படுத்துக்கொண்டார். கொடியை அவரே முகத்தின்மேல் இழுத்துவிட்டார்.

எஸ்தர் மறுபடியும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நீ தள்ளி நில்லும்மா. சாட்சிகளே, இறந்தவனுக்கு அப்பா அம்மா உண்டா?"

"ரெண்டு பேரும் போயிட்டாக" என்றார் ஒரு டிரைவர்.

"கூடப் பிறந்தவங்க?"

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவர், விளையாட்டை மறந்துபோய், கைகட்டி நின்றார்.

"ஒருத்தரு இருக்காரு" என்றார் மெதுவாக.

"தம்பியோட பேச்சுவார்த்தை உண்டா?"

"கிடையாது."

"அது எனக்குத் தேவையில்ல. ரத்தம் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

வேலுத்தாய் பெஞ்சின் பக்கம் ஓர் அடி வைத்தார். எஸ்தர் கையை நீட்டித் தடுத்தார். கட்டிலைக் குறுக்கே போட்டதுபோல இருந்தது அந்தக் கை.

அவரிடம் காகிதம் எதுவும் இல்லை. மற்றொரு கையை விரித்து, வெறும் உள்ளங்கையைப் பார்த்து, அரசாங்கக் குரலில் வாசித்தார்.

"சாட்சிகள் கேட்டுக்கொள்ளவும். இறந்தவர் ஆவுடையப்பன். மனைவி இல்லை. மக்கள் இல்லை. தூசி நோய்க்கான நஷ்டஈடு கேட்க ஆளில்லாததால் குவாரி முதலாளி விடுவிக்கப்படுகிறார். மனையும், அதிலுள்ள வீடும், வீட்டிலுள்ள சாமான்களும், இறந்தவரின் உடலும் ஒப்படைக்கப்பட வேண்டியவர்..."

கொடி அசையவில்லை. இருமலும் இல்லை.

எஸ்தர் தலை நிமிர்ந்து, சாட்சிகள் இருவருக்கும் கேட்கும்படி, பெயரை உரக்க வாசித்தார்.

"கோமதிநாயகம்."