உடைத்து வாங்கிய ஊறுகாய் ஜாடி

குறுக்குப்பட்டியில் புத்திசாலி யார் என்று கேட்டால் மூன்று பேர் கை தூக்குவார்கள். வெயிலுமுத்து, சொக்கன், பிச்சாண்டி. அந்த மூன்று பேரும்தான் சீனாவுக்குப் போனார்கள். மிக்ஸி வாங்கிய கடையில் விழுந்த பரிசு அது.

வெயிலுமுத்துவுக்கு அங்கே ஒரு முக்கியமான வேலை இருந்தது. செண்பகவல்லியைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டதற்கு அவள் அம்மா ஆவுடையம்மாள், "சீனாவுல இருந்து ஒரு ஊறுகா ஜாடி கொண்டா. முறைப்படி வாங்கினதா இருக்கணும். இல்லேன்னா பொண்ணு கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

முதலில் கோயில். வழிகாட்டி மெய்லின் நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிற சீனப் பெண். "அண்ணே, வாசப்படியில கால் வைக்கக் கூடாது" என்றாள்.

"கால் வைக்காம எப்படிடா உள்ள போறது?" என்றான் சொக்கன்.

"வயித்தை வைக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றான் பிச்சாண்டி.

மூவரும் குப்புறப் படுத்து, படியைத் தாண்டி வழுக்கிக்கொண்டே உள்ளே போனார்கள். பின்னால் வந்த சீனக் கிழவர் ஒருவர், ஏதோ பெரிய வேண்டுதல் போல என்று கும்பிட்டு வழிவிட்டார். மெய்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து ஜாடி சுடுகிற பழைய சூளை. மலைச்சரிவில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. பக்கத்திலேயே ஜாடிக் கடை. வாசல் பலகையை மெய்லின் படித்துக் காட்டினாள்: "உடைத்தால் உங்களுடையது. பாத்து நடங்கண்ணே."

மூவரும் ஓரமாகக் கூடி யோசித்தார்கள்.

"உடைச்சாத்தான் நம்முது. அப்ப உடைக்காம தூக்கிட்டுப் போறவன் யாரு?" என்றான் பிச்சாண்டி.

"திருடன்!" என்றான் சொக்கன்.

"சாமிக்குக்கூட தேங்காயை உடைச்சுத்தானே குடுக்கறோம்" என்று முடித்தான் பிச்சாண்டி.

வெயிலுமுத்துவுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. நல்லவேளை, களவாணிப் பட்டத்தோடு மாமியார் வீட்டு வாசலில் நிற்கப் பார்த்தானே! இருக்கிறதிலேயே நல்ல ஜாடியாக எடுத்தான். தட்டிப் பார்த்தான். கீறல் இல்லை, ஓட்டை இல்லை. திருப்தியாகத் தலைக்குமேல் தூக்கித் தரையில் போட்டான்.

கடைக்காரி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "பாவம், நல்ல ஜாடி கைவிட்டுப் போகுதுன்னு அழுவுறா" என்று சொக்கன் உச்சுக்கொட்டினான். வெயிலுமுத்து விலையைச் சந்தோஷமாகக் கொடுத்து, ஓடுகளை ஒன்று விடாமல் பொறுக்கித் துண்டில் கட்டினான்.

ஜாடியின் மூடி மட்டும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் உருண்டு கிடந்தது. கடைக்காரி அதைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள்.

"வேண்டாம் தாயீ. அது உடையலியே, உங்களுது" என்றான். மெய்லின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவனா கேட்பான்? அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாத வம்சமாம்!

ஊருக்கு வந்ததும் ஆவுடையம்மாள் பாயை விரித்து ஓடுகளைப் பரப்பினாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நயம் சரக்குதான். மூடி எங்க மாப்ள?"

"அது உடையலை அத்தே. அதனால திருப்பிக் குடுத்துட்டேன்."

ஆவுடையம்மாள் முகம் சுருங்கிப் போனது. "மூடி இல்லாத ஜாடியில ஊறுகா போட்டா ஈ விழாதா? மறுபடி சீனாவுக்குப் போய் அதையும் உடைச்சு வாங்கிட்டு வா. அப்புறம் பேசுவோம் கல்யாணத்தை."