யாரும் பேசாத அரை நிமிடம்

"மேடம், இந்த மெஷின் சரியில்ல" என்று வந்து நின்றார் தேவசகாயம்.

பஸ் கண்டக்டராக ஓய்வு பெற்று, வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள அந்தப் பயிற்சிக் கூடத்துக்கு வந்தவர். சொல்லிக்கொடுத்த சபூராவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

அவர் செய்துகொண்டிருந்த படத்தில் ஒரே ஆள், அவர் மனைவி பிலோமினா. தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும், குரல் போவதற்குள் அவளைப் பேசவைத்து எடுத்திருந்தார். இப்போது அவளுக்குப் பேச்சில்லை. வீட்டின் அமைதி தாங்காமல் நாள் முழுக்க டிவியை அலறவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டுக் காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

அவள் இருமிய இடங்களிலெல்லாம் சத்தத்தை வெட்டி, படத்துக்கு மேலே கல்யாண போட்டோக்களை வைத்து மூடியிருந்தார். கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்குத் தெரிந்தது. வெட்டிய இடமெல்லாம் சத்தமே அற்றுப் பள்ளம் விழுந்தது.

பழைய கம்ப்யூட்டர்தான் காரணம், புது அறையைக் கொடுங்கள் என்றார். சபூரா சாவியை நீட்டினாள்.

புது அறையில் ஏசி, இரண்டு பெரிய திரைகள், ஆளுயர ஸ்பீக்கர்கள். பள்ளம் இன்னும் துல்லியமாகக் கேட்டது.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அண்ணே, எடுத்து முடிச்சதும் கேமராவை நிறுத்தாம, யாரும் பேசாம அரை நிமிஷம் உட்காரச் சொன்னேனே. அது எங்கே?"

"அதுல ஒண்ணுமே இல்லையே மேடம். வேஸ்ட்டுன்னு அழிச்சிட்டேன்."

கண்டக்டர் அல்லவா, காலி சீட்டைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

நல்லவேளை, உள்ளே வரும் எதையும் ஒரு பிரதி எடுத்துத் தனி டிஸ்கில் வைத்துவிடுவது அந்தக் கூடத்தின் வழக்கம். சபூரா அதைத் தேடி எடுத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

மின்விசிறி ஓடியது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. பிறகு, மிக மெல்ல, பிலோமினா மூச்சு விடுவது கேட்டது.

தேவசகாயம் அதை மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார்.

அந்தச் சத்தத்தை எடுத்துப் பள்ளங்களுக்கு அடியில் பரப்பினார். எல்லாம் மூடிக்கொண்டன. எங்கே வெட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம்."

"எனக்கு எதுக்குண்ணே? அசையாம உட்கார்ந்து கொடுத்தது அவங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் மனம் நிறைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் குக்கருக்குக்கூட நன்றி சொல்லலாம் போலிருந்தது.

டிவி வழக்கம்போல் அலறிக்கொண்டிருந்தது. பிலோமினா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் டிவியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

என்ன என்று அவள் கையால் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்கு இரு" என்றார் தேவசகாயம். "கேட்டுக்கிட்டிருக்கேன்."